தேன்சிட்டுக்குத் தேன்சிட்டு என்றே பெயர்

திருப்பதியின் கல்வி வளாகங்களில் செம்பருத்தியும் ஹேமீலியாவும் பூக்காத மாதம் அரிது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய, வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மின்னுகிற பறவையொன்று நாள்தோறும் அப்பூக்களுக்கு வந்துபோகிறது. அதைக் கைப்பேசியில் படம்பிடித்து 'எங்கள் வளாகத்தில் ஹம்மிங்பேர்ட்' என்று பகிர்பவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்கள். அவர்களுள் உயிரியல் படித்தவர்களும் உண்டு. படத்தின் கீழே பாராட்டுகள் குவிகின்றன. யாரேனும் ஒருவர் திருத்த முற்பட்டால், 'எந்தப் பெயரைச் சொன்னால் என்ன, பறவை அழகாக இருக்கிறதே' என்ற மறுமொழி உடனே வருகிறது.

எதிர்க்கப்பட வேண்டியது இந்த மறுமொழி. ஒரு மாணவர் தவறாகப் பெயர் சொல்வது குற்றமன்று. கற்றலின் தொடக்கமே அதுதான். தவறு சுட்டப்பட்ட பின்னும் அது பொருட்டில்லை என்று கற்றோர் கருதுவதே குற்றம். திருமலை அடிவாரத்திலும் சித்தூர் மாந்தோப்புகளிலும் இச்சிறு பறவை தொடர்பாக நிகழும் பிழைகள் இரண்டு. முதற்பிழை அதை வேறொரு கண்டத்துப் பறவையாக்குகிறது. இரண்டாம் பிழை அதைவிட நுட்பமானது. விவரம் அறிந்தவர்கள் செய்வது. ஆதலால் கேடும் மிகுந்தது.

முதற்பிழையை முதலில் பார்க்கலாம். ஹம்மிங்பேர்ட் எனப்படுவதும் தமிழில் ஓசனிச்சிட்டு என வழங்கப்படுவதுமான பறவைக் குடும்பத்தில் 350-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியவை. இந்தியாவில் இயற்கையாக வாழும் ஓசனிச்சிட்டு ஒன்றுகூட இல்லை. அவற்றின் நெருங்கிய உறவுகள் உழவாரன்கள். தேன்சிட்டுகளோ காக்கையும் மைனாவும் சேர்ந்த பெருவரிசையில் அடங்கும் தனிக் குடும்பம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவியுள்ள அக்குடும்பத்தில் 140-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சிற்றுருவம், மின்னும் நிறம், வளைந்த அலகு, தேன் உணவு ஆகிய ஒற்றுமைகள், தொலைவான இரு மரபுகள் ஒரே தொழிலை மேற்கொண்டதால் தனித்தனியே தோன்றியவை. 1766-இல் வெளிவந்த தம் நூலின் பன்னிரண்டாம் பதிப்பில் லின்னேயஸ் கூட ஓசனிச்சிட்டுகளை ஒரு பேரினத்திலும், இலங்கையிலிருந்து அறியப்பட்ட தேன்சிட்டுகளை வேறொரு பேரினத்திலும் வைத்தார். உயிருள்ள பறவையைக் கண்ணால் காணாத அவருக்கு அன்று புலப்பட்ட வேறுபாடு, சன்னலுக்கு வெளியே அதை நாள்தோறும் காண்பவர்களுக்கு இன்று புலப்படவில்லை.

இங்கே கற்றறிந்த மறுப்பு ஒன்று எழக்கூடும். 2004-இல் ஜெரால்டு மையர் தென் ஜெர்மனியில் கிடைத்த ஏறத்தாழ 3 கோடி ஆண்டுப் பழைமையான ஓசனிச்சிட்டுப் புதைபடிவங்களை விவரித்தார். ஆகவே அப்பறவைகள் பழைய உலகிலும் வாழ்ந்தனவே என்பர். வாழ்ந்தன, மெய்தான். ஆனால் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்து மறைந்ததொரு பறவை, இன்று சந்திரகிரிச் சாலையோரச் செம்பருத்தியில் அமர்ந்திருப்பதற்குச் சான்றாகாது.

'அந்தரத்தில் நின்று தேன் குடித்ததைக் கண்ணால் கண்டேன். ஆகவே அது ஹம்மிங்பேர்ட்தான்' என்பது இன்னொரு வாதம். கண்டது உண்மையாயிருக்கலாம், முடிவு பிழை. தேன்சிட்டு பொதுவாகக் கிளையையோ காம்பையோ பற்றி அமர்ந்தே உண்ணும். அமர இடமில்லாவிட்டால் சிறிது நேரம் அந்தரத்திலும் நிற்கும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரப்புகையிலை ஆப்பிரிக்காவில் களையாகப் பரவியபோது, ஓசனிச்சிட்டுக்கென்று உருவான அதன் பூக்களில் ஆப்பிரிக்கத் தேன்சிட்டுகள் அந்தரத்தில் நின்றே தேன் குடித்து மகரந்தச் சேர்க்கையும் செய்வதை கீர்ட்ஸ், பாவ் ஆகிய இருவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். ஒரு பறவை என்ன செய்தது என்பது, அது என்ன பறவை என்பதற்குத் தனிச் சான்றாக நில்லாது. சிலர் கண்டது பறவையே அன்று என்பதும் உண்டு. மாக்ரோகுளோசம் பேரினத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சிகள் பகற்பொழுதிலும் பூ முன் நின்று நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் எடுக்கின்றன. உணர்கொம்புகள் தெரிகின்றனவா என்று ஒருமுறை பார்த்தால் தீர்ந்துவிடும் ஐயம் அது.

பெயரைத் திருத்துவது இலக்கணப் பிடிவாதமா? இல்லை. அமர்ந்து உண்பதா, நின்று உண்பதா என்ற வேறுபாட்டைச் சார்ந்தே செடிகளின் வடிவம் அமைகிறது. தென்னாப்பிரிக்காவில் பாபியானா ரிங்கென்ஸ் என்ற செடி, பூவற்ற காம்பு ஒன்றைத் தேன்சிட்டு அமர்வதற்கென்றே மேலே நீட்டி நிற்கிறது. அக்காம்பை நீக்கினால் அச்செடியின் இனப்பெருக்க வெற்றி குறைகிறது என்பது 2005-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு முடிவு. ஒரு காம்பு ஏன் அங்கே இருக்கிறது என்ற வினா, வரும் பறவை அமரும் இயல்புடையது என்று அறிந்தவருக்கே தோன்றும். அதை ஹம்மிங்பேர்ட் என்று எண்ணிக்கொண்டவருக்கு அவ்வினா எழ வாய்ப்பேயில்லை. கல்யாண முருங்கையும் பொரசும் பூத்து நிற்கும் சேஷாசலக் காடுகளில் இத்தகைய வினாக்கள் எத்தனையோ எழ வேண்டும். பிழையான பெயர் அவற்றை எழும் முன்னரே அடைத்துவிடுகிறது.

இப்பிழை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் தமிழ் பேசுவோர் இப்பறவையைத் தேன்சிட்டு என்பர். தெலுங்கு பேசுவோர் தேனெபிட்ட என்பர். இரு சொற்களின் பொருளும் ஒன்றே: தேனோடு தொடர்புடைய சிறு பறவை. இரண்டும் குடும்ப அளவில் பிழையற்றவை. பள்ளிப்படி ஏறாத பாட்டி சரியாகச் சொன்ன பெயரை, ஆங்கிலப் படப்புத்தகத்தில் அகரவரிசை கற்ற பேரப்பிள்ளை பிழையாகச் சொல்லத் தொடங்குகிறது. அப்பிள்ளை முதுகலை முடித்து விரிவுரையாளர் ஆன பின்னும் அந்தப் படப்புத்தகமே உள்ளே ஆட்சி செய்கிறது. ஆகவே 'பாமரர் எதையோ சொல்கிறார்கள், விட்டுவிடுங்கள்' என்ற பெருந்தன்மைக்கு இங்கே இடமில்லை. பாமரர் சரியாகத்தான் சொல்கிறார்கள். பிழை வகுப்பறை வழியாக வந்தது. அதைத் திருத்தும் கடமையும் வகுப்பறைக்கே உரியது.

இனி இரண்டாம் பிழை. 'அது ஹம்மிங்பேர்ட் அன்று, தேன்சிட்டு' என்று அறிந்தவர்கள் அத்துடன் நிறைவு கொண்டு, கருமையாகத் தெரிவதெல்லாம் ஊதாத் தேன்சிட்டு என்றும், வயிறு மஞ்சளாகத் தெரிவதெல்லாம் அதன் பெண் என்றும் எழுதிவிடுகிறார்கள். திருப்பதி, சித்தூர்ப் பகுதிகளில் மூன்று இனங்களை எதிர்பார்க்க வேண்டும்: ஊதாத் தேன்சிட்டு, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு. மூன்றையும் பிரித்தறிவது அரிய வித்தையன்று. ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்தாக வேண்டும்.

ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணுக்கு முதுகு கருஞ்சிவப்பு, உச்சந்தலை மின்னும் பச்சை, தொண்டை ஊதா, மார்பில் கருஞ்சிவப்புப் பட்டை, வயிறு மஞ்சள், விலாப்புறம் வெள்ளை. பெயருக்குக் காரணமான ஊதாப்பிட்டம் மடங்கிய சிறகுகளுக்கு அடியில் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். அதைத் தேடுவோர் ஏமாறுவர். பெண்ணின் தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, வயிறு மஞ்சள். ஊதாத் தேன்சிட்டின் பெண்ணுக்குத் தொண்டையிலிருந்தே மஞ்சள் தொடங்குகிறது. தொண்டையின் நிறம் ஒன்றைக் குறித்துக்கொண்டாலே இவ்விரு பெண்களைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆயினும் களக்குறிப்பேடுகளில் 'மஞ்சள் வயிறு' என்று இருக்குமேயன்றித் தொண்டை பற்றி ஒரு சொல்லும் இராது.

இனப்பெருக்கக் கால ஊதாத் தேன்சிட்டு ஆண், உடல் முழுதும் நீலக்கருமை. அக்காலம் முடிந்ததும் அது அவ்வுடையைக் களைந்து பெண்ணைப் போன்ற மங்கிய உடைக்கு மாறுகிறது. தொண்டையிலிருந்து வயிறுவரை ஓடும் கருங்கோடு ஒன்றே மிஞ்சும். இந்நிலையில் உள்ள ஆணைப் புதியதோர் இனமாகக் கருதி மகிழ்ந்தோர் உண்டு. லோட்டன் தேன்சிட்டின் ஆணும் கருமையாகவே தெரியும். ஆனால் அதன் அலகு குறிப்பிடத்தக்க அளவு நீண்டு நன்கு வளைந்தது, மார்பில் கருஞ்சிவப்புப் பட்டை உண்டு, வயிறு பளபளப்பற்ற புகைப்பழுப்பு. ஊதாத் தேன்சிட்டின் மார்பிலும் சிலவேளை மெல்லிய செம்பழுப்புக் கோடு தெரியுமாதலால் பட்டையை மட்டும் நம்புவது போதாது. அலகையும் வயிற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1752 முதல் 1757 வரை இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்த லோட்டன், அத்தீவின் பறவைகளை ஓவியரைக் கொண்டு கவனமாக வரைவித்தவர். அவர் பெயர் தாங்கிய பறவை 250 ஆண்டுகளுக்குப் பின்னும் கவனக்குறைவால் வேறொன்றின் கணக்கில் எழுதப்படுகிறது.

இங்கே ஒளியின் குறுக்கீட்டையும் கருத வேண்டும். தேன்சிட்டின் மஞ்சள் நிறமியால் ஆனது. அதன் நீலமும் பச்சையும் ஊதாவும் இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதைத்துத் திருப்புவதால் தோன்றுபவை. ஆகவே ஒரே பறவை ஒரு கோணத்தில் நீலம், அடுத்த கோணத்தில் பச்சை, சூரியனுக்கு எதிரே கன்னங்கருமை. அலகோ, பறவை படக்கருவியை நோக்கித் திரும்பினால் குட்டையாகத் தெரியும். ஒற்றைப் படத்தில் பதிந்த நிறத்தையும் அலகையும் கொண்டு தீர்ப்பு எழுதுவோர் அந்தக் கணத்து ஒளியையும் கோணத்தையும் இனங்காண்கிறார்கள். பறவை எஞ்சி நிற்கிறது.

'செயலி சொல்லிவிட்டது' என்ற வாதம் இப்போது எல்லா வாதங்களையும் முடித்துவைக்கும் வாதமாகிவிட்டது. மெர்லின் போன்ற செயலிகள் பயனுடையவை, தொடக்கநிலையினருக்குப் பெருந்துணை. ஆனால் செயலி தருவது ஓர் ஊகம். அதனுள் செலுத்திய படம் தந்த சான்றைவிடக் கூடுதலான சான்று அந்த ஊகத்தில் இருக்க முடியாது. தொண்டை மறைந்த படத்தைக் கொடுத்துவிட்டுப் பெண் பறவையின் பெயரைப் பெற்றுக்கொள்பவர், தாம் காணாததை இயந்திரம் கண்டுவிட்டதாக நம்புகிறார். 'எந்த அடையாளத்தைக் கொண்டு இம்முடிவுக்கு வந்தீர்கள்?' என்று ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் வினவப்பட்டால் செயலியின் பெயர் விடையாகாது. களக்குறிப்பில் மட்டும் அது எப்படி விடையாகும்?

'இவை எங்கும் காணப்படும் பறவைகள். அழியும் நிலையில் இல்லை. இத்தனை நுணுக்கம் எதற்கு?' என்பார் உண்டு. பொதுப் பறவைகள் என்பதனாலேயே இந்நுணுக்கம் தேவை. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் அளித்த 3 கோடி பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. அரிய பறவை ஒன்றைக் கண்டதாகச் சொன்னால் பலரும் சான்று கேட்பர், பிழை பிடிபட்டுவிடும். ஊதாத் தேன்சிட்டு என்று எழுதினால் எவரும் கேள்வி கேளார். பிழை அப்படியே கணக்கில் ஏறிவிடும். லோட்டன் தேன்சிட்டு ஒரு நிலப்பகுதியில் குறைந்துவருகிறதெனக் கொள்வோம். அதைக் காண்போரும் காணாதோரும் ஒருசேர 'ஊதாத் தேன்சிட்டு' என்றே எழுதிவந்தால் அக்குறைவை எந்தப் புள்ளியியலும் மீட்டெடுக்க முடியாது.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. செம்முதுகுத் தேன்சிட்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரிய சிற்றினம். முதுகு கருஞ்சிவப்பாகத் தெரிந்த ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒன்றை அப்பெயரில் தலக்கோனாவிலிருந்து ஒருவர் பதிவுசெய்து, வேறொருவர் அதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்து, மூன்றாமவர் அப்பின்னிணைப்பை மேற்கோளாக்கினால், கிழக்கு மலைகளில் இல்லாததொரு பறவைக்கு அங்கே வாழிடம் பிறந்துவிடும். பட்டியலிலிருந்து பட்டியல் பிறக்கும் வழக்கம் உள்ளவரை இது கற்பனைக்கு அப்பாற்பட்டதன்று. வளாகப் பறவைப் பட்டியல்கள் பலவற்றில் எந்த நாள், எந்த இடம், எந்த அடையாளம் என்ற மூன்றும் இல்லாமல் பெயர்கள் மட்டும் நிரலாக நிற்கின்றன. அவற்றை ஆய்வு என்று ஏற்கும் மதிப்பீட்டாளரும் இப்பிழைக்குப் பொறுப்பாளரே.

சித்தூர் உழவருக்கு இதில் என்ன? மாந்தோப்புகளில் புல்லுருவி ஒட்டி வளர்ந்து கிளைகளை நலிவிக்கிறது. அதன் குழல்வடிவப் பூக்களுக்குத் தேன்சிட்டு வருகிறது. மகரந்தச் சேர்க்கை நிகழ்கிறது. அதன் பழத்தைத் தின்று, ஒட்டும் தன்மையுள்ள விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போவது பூங்கொத்தி என்ற வேறொரு சிறு பறவை. பூங்கொத்தியின் அலகு குட்டை. அதன் உடலில் மின்னும் நிறம் இல்லை. இரண்டையும் 'சின்னப் பறவை' என்று ஒன்றாக்கிவிட்டால், தோப்பில் புல்லுருவி எவ்வாறு பரவுகிறது என்பதை விளக்க முடியாது. தோட்டக்கலை மாணவர் ஒருவர் இவ்விரண்டின் தொழிலைப் பிரித்துச் சொல்ல இயலாமல் உழவர் முன் நிற்பது, படிப்பின் தோல்வி.

இத்தனைக்கும் இந்நிலப்பகுதி கவனமான பறவை நோக்கலுக்குப் புதியதன்று. 1929–30-இல் நடந்த வெர்னே ஆய்வு கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைத் திரட்டியது; விஸ்லரும் கின்னியரும் அவற்றின் அலகையும் சிறகையும் அளந்து 1930-களில் தொடராக வெளியிட்டனர். அன்று பறவையைச் சுட்டே அளந்தார்கள். இன்று அது தேவையுமன்று, முறையுமன்று. ஆனால் அளவின்றி முடிவு சொல்லாத அந்த ஒழுக்கம் துப்பாக்கியோடு சேர்ந்து கைவிடப்பட வேண்டியதில்லை. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் ரங்கசாமியும் ஸ்ரீதரும் பள்ளத்தாக்கின் பறவைகளையும் அவற்றின் வாழிட மீட்பையும் நூலாக்கினர். அஞ்சல்வழிப் பறவையியல் படிப்பும் அங்கிருந்து நடந்தது. திருப்பதி ஐசரில் பறவைச் சூழலியல் ஆய்வு நடைபெறுகிறது. 1989-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்கா நகரின் தலைமாட்டிலேயே இருக்கிறது. முன்னோடிகளும் காடும் ஆய்வகமும் அருகிலிருக்க, பறவையின் பெயர் மட்டும் வெளிநாட்டுப் படப்புத்தகத்திலிருந்து வருவதற்கு வறுமையைக் காரணம் காட்ட முடியாது.

செய்ய வேண்டியவை எளியவை. வளாகப் பட்டியல் ஒவ்வொன்றிலும் நாளும் இடமும் கண்ட அடையாளமும் எழுதப்பட வேண்டும். தேன்சிட்டு எனில் தொண்டை, வயிறு, விலா, அலகு ஆகிய நான்கும் தெரிந்தனவா, ஒளி எத்திசையில் இருந்தது என்பது குறிக்கப்பட வேண்டும். தெரியவில்லையெனில் 'தேன்சிட்டு, இனம் உறுதியில்லை' என்று எழுத வேண்டும். இ-பேர்ட் தளத்திலேயே அதற்கான இடம் உண்டு. இரண்டில் ஒன்று என்று பதிவதற்கும் வழி உண்டு. அவ்வாறு எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர், பொய் சொல்லக் கற்பிக்கிறார். உறுதியில்லை என்ற பதிவை அடுத்த ஆய்வாளர் பயன்படுத்த முடியும். உறுதியாகச் சொல்லப்பட்ட பிழையைப் பயன்படுத்துபவர் அதைப் பெருக்கவே முடியும்.

வேங்கடத்தின் அடிவாரத்தில் நாளைக் காலையும் அந்தப் பறவை செம்பருத்திக்கு வரும். கைப்பேசியை உயர்த்தும் முன் அதன் தொண்டையை ஒருமுறை நோக்கி, கண்டதை மட்டும் எழுதும் மாணவர் ஒருவர் ஒவ்வொரு துறையிலும் இருந்தால் போதும். பத்தாண்டுகளில் இம்மாவட்டங்களுக்கு நம்பத்தக்க தேன்சிட்டுக் கணக்கு ஒன்று கிடைத்துவிடும். அத்தகைய மாணவரை உருவாக்க மறுக்கும் துறை, பறவைகளைப் பற்றிக் கருத்தரங்கம் நடத்துவதை நிறுத்திக்கொள்ளலாம்.